அந்தக் காலப் பாட்டு இன்னும் ஏன் ஒலிக்கிறது? ஓர் எளிய விளக்கம்

கல்யாணப் பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கும் நேரத்தில், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் அடிக்கடி காதில் விழும் வாக்குவாதம் இது. "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா? இப்ப வர்றதெல்லாம் நாலு நாள் நிக்குமா?" என்பார் பெரியவர். "உங்க காதுக்கு அது பழகிப் போச்சு தாத்தா, அதான்" என்பான் பேரன். பெரியவர் பாட்டின் தரத்தைப் பேசுகிறார், பேரன் பழக்கத்தைப் பேசுகிறான். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் முழு விடை கிடைக்காது.

ஒரு சினிமாப் பாட்டோ பக்திப் பாட்டோ அறுபது ஆண்டு தாண்டியும் தெருவில் ஒலிக்கிறது என்றால், மனித நினைவு, பாட்டின் கட்டமைப்பு, வானொலி போன்ற ஊடகம், ஊர் வழக்கம் என்று பல விஷயங்கள் அதில் கலந்திருக்கின்றன. இவற்றில் சிலவற்றை உளவியலாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். காவிரி டெல்டாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பாட்டு எப்படி நிலைக்கிறது, எப்படி அழிகிறது என்ற இரண்டுக்கும் உதாரணம் இங்கே கண்முன்னால் இருக்கிறது.

விதைநெல்லைப் பார்த்து விளைச்சலை எடைபோடுவது

முதலில் "அந்தக் காலத்தில் எல்லாமே நல்ல பாட்டு" என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம்.

அறுவடை முடிந்ததும் விவசாயி விதைக்கென்று நெல்லை ஒதுக்குவார். தூற்றி, பதர் நீக்கி, கருக்காய் பொறுக்கி, திரட்சியான மணியை மட்டும் வைக்கோலால் சுற்றிக் கோட்டை கட்டி வைப்பார். பல மாதம் கழித்து அந்தக் கோட்டையைப் பிரித்துப் பார்க்கும் ஒருவர், "அந்த வருஷம் ஒரு பதர்கூட விளையவில்லை போலிருக்கிறதே" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பதர் விளைந்தது. கோட்டைக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

பழைய பாட்டு விஷயத்தில் நாம் செய்வது இதைத்தான். மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் முதல் படம் 1934-ல் வெளிவந்த 'பவளக்கொடி'. அதில் சுமார் 50 பாடல்கள் இருந்தன. அக்காலப் படங்களில் முப்பது, நாற்பது பாட்டு என்பது சாதாரணம். அந்தப் பத்தாண்டில் மட்டும் எத்தனை ஆயிரம் பாடல்கள் பதிவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்று நம் வாயில் தானாக வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மற்றதையெல்லாம் காலம் தூற்றிவிட்டது.

இப்படி, எஞ்சி நிற்பவற்றை மட்டும் பார்த்து மொத்தத்தைப் பற்றி முடிவு செய்யும் தவறுக்குப் புள்ளியியலில் 'எஞ்சியவற்றின் சாய்வு' என்று பெயர் சொல்லலாம். போன வாரம் வந்த எல்லாப் பாட்டையும் ஒரு தட்டில் வைக்கிறோம். மறு தட்டில் அறுபது ஆண்டு சலித்து எடுத்த பாட்டை வைக்கிறோம். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

இதனால் பெரியவர் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. எஞ்சிய பாட்டுகளில் பல உண்மையிலேயே அருமையானவை. ஆனால் அருமையாக இருந்ததால் மட்டும் அவை எஞ்சினவா என்பதுதான் அடுத்த கேள்வி.

இருபது வயதில் காதில் விழுந்தது

வயதானவர்களிடம் வாழ்க்கையின் நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுவரை நடந்தவை மற்ற காலத்தைவிட அதிகமாக வரும். வரைபடமாகப் போட்டால் அந்த இடம் மேடாக எழும்பி நிற்கும். இதைத் தமிழில் 'நினைவு மேடு' என்று சொல்வோம். ஊரைவிட்டுப் படிக்கப் போனது, முதல் காதல், முதல் சம்பளம், கல்யாணம் எல்லாம் அந்த வயதில் வருகின்றன. 'நான் யார்' என்பது உருவாகும் காலமும் அதுதான். அப்போது பக்கத்தில் ஓடிய பாட்டு அந்த அனுபவத்தோடு சேர்ந்தே பதிந்துவிடுகிறது.

1989-ல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெவ்வேறு வயதினருக்கு வெவ்வேறு ஆண்டுகளின் வெற்றிப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தங்களுக்கு 23, 24 வயதாக இருந்தபோது பிரபலமாயிருந்த பாடல்களையே மக்கள் அதிகம் விரும்பினார்கள் என்பது அவர்கள் கண்டது.

இந்தக் கணக்கை நம் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். 1948-ல் பிறந்த தாத்தாவுக்கு அந்த வயது வந்தது 1971, 1972 வாக்கில். 1973-ல் பிறந்த அப்பாவுக்கு 1996, 1997-ல். தாத்தாவின் பொற்காலமும் அப்பாவின் பொற்காலமும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. தாத்தாவுக்கு எம்.எஸ். விஸ்வநாதனின் காலம் என்றால், அப்பாவுக்கு இளையராஜாவும் ரகுமானும் அருகருகே ஒலித்த காலம். தமிழ் இசை எந்த ஆண்டில் உச்சத்தில் இருந்தது என்று இருவரும் விவாதிப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் இருவரும் தாங்கள் இளைஞர்களாக இருந்த ஆண்டைச் சொல்கிறார்கள்.

சரி, அப்படியானால் 2003-ல் பிறந்த பேத்தி ஏன் 1960களின் பாட்டை முணுமுணுக்கிறாள்? நினைவு மேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது.

2013-ல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. இருபது வயதை ஒட்டிய மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரையிலான பிரபலமான பாடல்களைப் போட்டார்கள். தங்கள் காலத்துப் பாட்டு அவர்களுக்குப் பழகியிருந்ததில் வியப்பில்லை. ஆனால் அவர்களின் பெற்றோர் இளைஞர்களாக இருந்த 1980களின் தொடக்கத்துப் பாடல்களிலும் ஒரு மேடு தெரிந்தது. 1960களில் இன்னொரு சிறிய மேடு. அது தாத்தா பாட்டி வழியாக வந்திருக்கலாம், அல்லது அந்தப் பத்தாண்டின் பாட்டே விசேஷமாக இருந்திருக்கலாம் என்று இரண்டு விளக்கத்தையும் ஆய்வாளர்கள் வைத்தார்கள். எப்படியானாலும் விஷயம் தெளிவு. வீட்டில் அம்மா சமைக்கும்போதும் அப்பா வண்டி ஓட்டும்போதும் ஒலிக்கிற பாட்டு பிள்ளையின் பாட்டாகவும் ஆகிவிடுகிறது. ஒரு தலைமுறையின் மேடு அடுத்த தலைமுறைக்குள் இறங்குகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: காலம் பெரும்பாலான பாட்டைக் கழித்துவிடுகிறது. எஞ்சியதில் நம் இளமைக் காலத்துப் பாட்டு நமக்குத் தனியாக ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்குள்ளேயே அது கைமாறவும் செய்கிறது.

ஒரே பாட்டை ஊரே கேட்ட காலம்

பேரன் சொன்ன 'பழக்கம்' என்பதற்கு வருவோம். 1968-ல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர், பொருள் தெரியாத சொற்களையும் எழுத்துக்களையும் மனிதர்களிடம் காட்டிச் சோதித்தார். அதிகம் முறை பார்த்ததையே அவர்கள் அதிகம் விரும்பினார்கள். வேறு காரணமே இல்லாமல், திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டதாலேயே ஒன்று பிடித்துப்போவதைப் 'பழகுதல் விளைவு' என்கிறோம். இதற்கு எல்லையும் உண்டு. அளவுக்கு மிஞ்சினால் சலித்துவிடும்.

டெல்டாவில் இந்தப் பழக்கம் எப்படி உண்டானது? திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. 1952-ல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கு இடத்தைக் குறைத்தார். நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரைக்கு இலங்கை அக்கரைதானே, தெளிவாகக் கேட்டது. 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கி அகில இந்திய வானொலி அந்த நேயர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வீடு வானொலிப் பெட்டி இல்லாத நாட்களில் பஞ்சாயத்து ரேடியோவும் டீக்கடை ரேடியோவும்தான் ஊருக்குப் பொது. எந்தப் பாட்டு வரும் என்று கேட்பவர் தீர்மானிக்க முடியாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முதலாளியும் கூலியாளும் மாணவனும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்டார்கள். பழகுதல் விளைவு ஊர் மொத்தத்துக்கும் ஒன்றாக நடந்தது. இன்று காதில் மாட்டிய கருவியில் ஆளுக்கொரு பாட்டு. அக்காவுக்குப் பிடித்த பாட்டு தம்பிக்குத் தெரியாது.

அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு எது என்று என்னைக் கேட்டால், பாட்டின் தரத்தைவிட இதைத்தான் சொல்வேன். அன்றைய பாட்டுக்குப் பொதுவான கேட்பு இருந்தது. பொதுவாகக் கேட்ட பாட்டைத்தான் பத்துப் பேர் சேர்ந்து பாட முடியும்.

நாக்கு மறக்காத வரி

கேட்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பாட்டுக்குள்ளும் ஒரு வேலை நடக்கிறது.

பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காட்டில் பிறந்த கல்யாணசுந்தரம் 29 வயதில், 1959-ல் இறந்துபோனார். அவர் எழுதிய "தூங்காதே தம்பி தூங்காதே" 1958-ல் வெளிவந்த படத்துப் பாட்டு. முதல் வரியை யாராவது எடுத்தால், "நீ சோம்பேறி என்ற பெயர் வாங்காதே" என்று நாக்கு தானாக முடிக்கிறது. யோசித்து நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஏன்?

தூங்காதே, வாங்காதே என்ற இரண்டிலும் முதல் எழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றாக வருகிறது. பள்ளியில் படித்த எதுகை இதுதான். வரியின் முடிவில் எந்தச் சொல் வரலாம் என்பதை எதுகை வெகுவாகக் குறுக்கிவிடுகிறது. தாளம் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு நீளம் என்று வரையறுக்கிறது. பொருள் இன்னும் குறுக்குகிறது. மூன்றும் சேர்ந்தால் அந்த இடத்தில் பொருந்தக்கூடியது ஒரே சொல்தான். மெட்டு நான்காவதாக வந்து, அடுத்த சொல் ஏறி வரும் இடமா இறங்கி வரும் இடமா என்பதையும் சொல்லிவிடுகிறது. நினைவாற்றல் குறைந்தவருக்கும் பாட்டு கைகொடுப்பது இதனால்தான். எழுதி வைக்காத தாலாட்டும் விடுகதையும் பழமொழியும் இத்தனை தலைமுறை வந்து சேர்ந்த வழியும் இதேதான்.

மறதி நோய் முற்றிப் பிள்ளைகளின் பெயரே வராத முதியவர்கள் சிலர், இளமையில் கேட்ட பாட்டைச் சொல் மாறாமல் பாடுவதை வீடுகளில் பார்த்திருப்பீர்கள். பழகிய பாட்டுக்கான நினைவில் ஈடுபடும் மூளைப் பகுதிகள் சில, அல்சைமர் நோயில் மற்ற பகுதிகளைவிடக் குறைவாகப் பாதிக்கப்படுகின்றன என்று 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. பாட்டு அந்த நோயைக் குணப்படுத்தும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் பேச முடியாதவரோடு பேச ஒரு வழி மிச்சமிருக்கிறது என்பதே அவர் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

பேச்சு நினைவு, பண்பாட்டு நினைவு

இதுவரை சொன்னவை தனி மனிதரைப் பற்றியவை. கேட்டவர்கள் எல்லோரும் மறைந்த பிறகும் ஒரு பாட்டு இருக்க வேண்டுமென்றால் வேறு ஏதோ நடக்க வேண்டும்.

சமூகத்தின் நினைவை ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, மக்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதால் உயிரோடிருப்பது. படம் வந்த புதிதில் அந்தப் பாட்டைப் பற்றி எல்லோரும் பேசுவது போல. இதைப் 'பேச்சு நினைவு' எனலாம். மற்றது, பதிவிலும் அச்சிலும் சடங்கிலும் நிறுவனத்திலும் தங்கி இருப்பது. இது 'பண்பாட்டு நினைவு'. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு பாடல்கள், திரைப்படங்கள், அறிவியல் கட்டுரைகள், மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகள் எல்லாவற்றுக்கும் எவ்வளவு காலம் கவனம் கிடைக்கிறது என்று கணக்கிட்டது. எல்லாவற்றிலும் ஒரே போக்கு. முதலில் வேகமான சரிவு, பிறகு மிக மெதுவான நீண்ட இறக்கம். வாழ்க்கை வரலாறுகளுக்கு அந்த முதல் கட்டம் 20, 30 ஆண்டு நீடிக்கிறது. பாடல்களுக்கு ஐந்தாறு ஆண்டுதான்.

பெரியவர் "நாலு நாள் நிக்குமா" என்று கேட்டதற்கு இது பதில். எந்தக் காலத்துப் பாட்டானாலும் முதல் சில ஆண்டுகளில் பேச்சு வற்றிவிடும். அதற்குள் அது பண்பாட்டு நினைவுக்குள் ஏறிக்கொண்டதா இல்லையா என்பதில்தான் விதி இருக்கிறது.

ஏறிக்கொண்ட பாட்டு என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு டெல்டாவிலேயே ஓர் அழகான வரலாறு உண்டு. நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணத்தில் பிறந்து, மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி 19-ஆம் நூற்றாண்டில் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' இயற்றினார். தில்லையைப் பார்க்கத் துடிக்கும் பண்ணையாளின் கதை. எளிய தமிழ், ஜனங்களுக்குப் பழகிய சிந்து மெட்டுகள். அந்தக் காலத்து மக்கள் இசை என்று தயங்காமல் சொல்லலாம். முதலில் அது கதாகாலட்சேபமாகப் பரவியது. 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில் அச்சேறியது. பிறகு இசைத்தட்டு வந்ததும் அதில் ஏறியது. 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படம் வந்தது. 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்த படம் வந்தது. இன்றும் கச்சேரி மேடையில் பாடகர்கள் "வருகலாமோ ஐயா" என்று உருகுகிறார்கள்.

வாய்மொழி, அச்சு, இசைத்தட்டு, சினிமா, மேடை. ஒவ்வொரு முறையும் பழைய ஊடகம் தளர்வதற்குள் புதியதில் யாரோ ஏற்றிவிட்டார்கள். அந்த 'யாரோ' முக்கியம். 1980களில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தது நினைவிருக்கலாம். துண்டுச் சீட்டில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால் 60 நிமிட, 90 நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்கு எந்தப் பாட்டு போகும் என்பதை அந்தச் சீட்டுகள் தீர்மானித்தன. சீட்டில் இடம்பெறாதது தட்டோடு தங்கிவிட்டது.

பாட்டுக்கு ஒரு வேலை

இந்த விஷயத்தில் நான் உறுதியாக நம்புவதும், பேச்சில் யாரும் கவனிக்காததும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஊரில் ஒரு வேலை கிடைத்துவிட்ட பாட்டு லேசில் சாகாது.

திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுகிறார்கள். தென்னை மரத்தில் குழாய் ஏறியதும் முதலில் என்ன பாட்டு வரும்? சீர்காழி கோவிந்தராஜனின் "விநாயகனே வினை தீர்ப்பவனே". அந்த ரேடியோ செட்காரப் பையனுக்கு வயது பத்தொன்பதாக இருக்கும். 1988-ல் மறைந்துபோன சீர்காழியின் ரசிகனா அவன்? அந்தக் கேள்வியே எழவில்லை. பிள்ளையாரில் தொடங்க வேண்டும், தொடங்குவதற்கு அந்தப் பாட்டு. விடியற்காலை டீக்கடையில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். அவர்களின் சூலமங்கலமும் தஞ்சை மாவட்டத்து ஊர்தான். ஆடி வந்தால் அம்மன் கோயிலில் எல்.ஆர். ஈஸ்வரி. நாகூர், திட்டச்சேரிப் பக்கம் விசேஷ வீடுகளில் நாகூர் ஹனீபாவின் "இறைவனிடம் கையேந்துங்கள்". மண்டபத்துக்குள் மணப்பெண் நுழையும்போது 1962-ல் வந்த "மணமகளே மருமகளே வா வா". சிவப்புக் கொடி கட்டிய விவசாயத் தொழிலாளர் சங்க மேடைகளில் பட்டுக்கோட்டையாரின் பாட்டு.

இங்கே எந்தப் பாட்டும் 'பழைய பாட்டு' என்பதற்காக ஒலிக்கவில்லை. ஒரு காரியத்தின் பகுதியாக ஒலிக்கிறது. காரியம் ஆண்டுதோறும் வருவதால் பாட்டும் வருகிறது. ஐந்து வயதுக் குழந்தை அப்பா தோளில் உட்கார்ந்து அதைக் கேட்கிறது. அதன் பழக்கம் அங்கே தொடங்கிவிடும்.

இதன் உச்ச வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் திருவையாற்றுக்குப் போக வேண்டும். தியாகராஜர் மறைந்தது 1847-ல். அவர் முக்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமி நாளில் ஆண்டுதோறும் காவிரிக் கரையில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் கூடி, அவருடைய பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். அது சாஸ்திரிய இசை, சினிமாப் பாட்டல்ல என்பது சரி. ஆனால் நிலைத்திருக்கும் விதம் ஒன்றே. திதி ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது, இடம் ஒன்று இருக்கிறது, வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வர வேண்டிய பாட்டு இருக்கிறது. பாட்டைத் தெரியாதவர் அந்த நாளுக்காகவே கற்றுக்கொள்கிறார்.

நாதஸ்வரக்காரர்களையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். தாலி கட்டி முடிந்து கூட்டம் தளர்ந்த பிறகு, யாராவது ஒரு பெரியவர் கிட்டே போய் "சிங்கார வேலனே வாசிங்களேன்" என்று கேட்பார். 1962-ல் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து அந்தப் பாட்டுக்கு வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். அவருடைய குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. டெல்டாவின் வாசிப்பு சினிமாவுக்குள் போய், மறுபடி டெல்டாவின் கல்யாண வீட்டுக்கே திரும்பி வந்தது. ஆபேரி என்ற பெயரே கேள்விப்படாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த ராகம் அந்தப் பாட்டாகத் தெரியும்.

ஆகவே: முதல் ஐந்தாறு ஆண்டுக்குள் புதிய ஊடகத்தில் இடமும் ஊர்க் காரியத்தில் வேலையும் பிடித்துக்கொண்ட பாட்டு பண்பாட்டு நினைவுக்குள் போய்விடுகிறது. நன்றாக இருப்பது அதற்கு உதவும். ஆனால் நன்றாக இருப்பது மட்டும் போதாது.

இணையத்தில் பழைய பாட்டு ஜெயிக்கிறதா?

சில ஆண்டுகளாக இப்படி ஒரு செய்தி அடிக்கடி வருகிறது. அமெரிக்காவில் மக்கள் கேட்கும் இசையில் ஏறக்குறைய 70 சதவீதம் பழைய பாட்டுதான் என்று. எண் சரிதான், ஆனால் கவனமாகப் படிக்க வேண்டும். இசைத் தொழிலின் கணக்கில் வெளியாகி 18 மாதம் கடந்தாலே அது 'பழையது'. போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டுப் பாட்டும் 1965-ன் பாட்டும் ஒரே கூடையில் விழுகின்றன.

கணக்கிடும் முறையும் மாறியிருக்கிறது. இசைத்தட்டு, கேசட் காலத்தில் ஒருவர் வாங்கியதைத்தான் எண்ண முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் ஆயிரம் முறை போட்டாலும் கணக்கில் ஒன்றுதான். இப்போது ஒவ்வொரு கேட்பும் எண்ணப்படுகிறது. மக்கள் முன்பும் பழைய பாட்டை நிறையக் கேட்டிருப்பார்கள். அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, இப்போது தெரிகிறது.

இணையத்தால் நடந்த உண்மையான நன்மை வேறு. கடையில் தட்டு தீர்ந்துபோனதால் மறைந்த பாட்டு என்று இனி ஒன்று இருக்க வேண்டியதில்லை. ஆனால் கிடைப்பது வேறு, ஒலிப்பது வேறு. யாரும் தேடாத பாட்டு அங்கே கிடந்தும் பயனில்லை.

நல்ல பாட்டும் போய்விடும்

மேலே சொன்னதற்கெல்லாம் மறுபக்கமாக ஒன்று டெல்டாவில் நம் காலத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. நடவுப் பாட்டு.

சம்பா நடவில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இடுப்பு நோவும் நேரம் போவதும் தெரியாமலிருக்கப் பாட்டு. பண்ணையாரைக் குத்திக் காட்டவும், ஊரில் நடந்த கதையைச் சொல்லவும், போட்டி போடவும் பாட்டு. எதுகை இருந்தது, மெட்டு இருந்தது, சின்ன வயதிலிருந்து ஊரே கேட்டுப் பழகியிருந்தது. இந்தக் கட்டுரையில் சொன்ன பெரும்பாலான தகுதிகள் அதற்கு இருந்தன.

பாய் நாற்றங்கால் வந்தது, நடவு இயந்திரம் வந்தது, தண்ணீர் நிச்சயமில்லாத ஆண்டுகளில் நேரடி விதைப்பு பெருகியது. இயந்திரத்தின் சத்தத்தில் யார் பாடுவது? நடவு ஆட்களின் முதுகுவலி குறைந்தது நல்லதுதான், அதை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வேலை போனதும் அந்த வேலையோடு கட்டியிருந்த பாட்டும் போகிறது. பம்புசெட் வந்தபோது ஏற்றப் பாட்டுக்கும் இதுதான் நடந்தது. அவை தரம் குறைந்ததால் போகவில்லை. அச்சுக்கோ கேசட்டுக்கோ சினிமாவுக்கோ அவற்றில் பெரும்பகுதியை யாரும் ஏற்றிவிடவில்லை. அவற்றுக்கு வேறு வேலையும் கிடைக்கவில்லை.

நடவுப் பாட்டு தெரிந்த பாட்டிகள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். பலருக்கு எழுபது வயதுக்கு மேல். உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு கைபேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டை மட்டும் பதிந்தால் பாதிதான் கிடைக்கும். எந்த ஊர், நாற்றுப் பறிக்கும்போதா நடும்போதா, யாரிடம் கற்றது, எந்த அடியை எல்லோரும் திருப்பிப் பாடுவார்கள் என்பதையும் கேட்டு அதே பதிவில் சேருங்கள். தனியாகப் பாடக் கூச்சப்பட்டால் கூடவே நடவுக்குப் போன தோழியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், மறந்துபோன அடி தானே வரும். அவர் சொல்லும் ஊர்வழக்குச் சொல்லைத் திருத்தாதீர்கள். முதல் தடவை தயங்கித் தயங்கி வரும், இரண்டாம் தடவையும் பாடச் சொல்லுங்கள். ஒரு பிரதியை வேறொருவர் கைபேசியிலும் போட்டு வையுங்கள். பிறகு உங்கள் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவிலோ பொங்கல் விழாவிலோ பிள்ளைகள் அதைப் பாட ஒரு பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அந்தப் பாட்டியையே அடியெடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.